மேசையின் மறுபக்கம்

நுழையும்முன்

மேசைப்பந்தாட்டத்தில் 12 உலகப் பட்டங்களை வென்றவர் ஜப்பானிய வீரர் இச்சிரோ ஓகிமுரா. தாம் வருந்திக் கற்ற கலையைத் தம்மை வெல்லக்கூடிய நாடுகளுக்கும் கற்பித்தவர். போரால் பிளவுண்ட ஒரு மக்களை ஓர் அணியாக நிறுத்த உழைத்தவர். அவருடைய வாழ்வை விரித்துரைக்கிறது இப்பாடம்.

ஓசையற்ற மட்டை

1952ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உலக மேசைப்பந்தாட்டப் போட்டி பம்பாய் நகரில் நடைபெற்றது. ஆசியக் கண்டத்தில் அப்போட்டி நிகழ்ந்தது அதுவே முதன்முறை. கால் நூற்றாண்டாக அவ்விளையாட்டில் பெரும்பாலும் ஐரோப்பியரே கோலோச்சி வந்தனர். அங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் வீரர்களே பட்டங்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். முதன்முதலாக அவ்வரங்கிற்கு ஓர் அணியை அனுப்பியிருந்த ஜப்பானை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜப்பான் அப்போதும் நேசநாட்டுப் படைகளின் ஆளுகையில் இருந்தது. அமைதி உடன்படிக்கை நடைமுறைக்கு வர இன்னும் இரண்டு திங்கள் இருந்தன. 1948இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் அந்நாட்டிற்கு இடமளிக்கப்படவில்லை. 1951இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி அவ்வீரர்களை வரவேற்றது. அடுத்த ஆண்டே பம்பாயும் வரவேற்றது. உலக அரங்கிற்கு மீண்டுவர ஜப்பானிய விளையாட்டு வீரர்களுக்குத் திறந்த முதல் கதவுகளுள் இரண்டு இந்திய நகரங்களில் இருந்தன என்பதை மறத்தலாகாது.

பம்பாய்க்கு வந்த ஜப்பானியருள் ஹிரோஜி சாட்டோ என்பவர் மூக்குக்கண்ணாடி அணிந்த மெலிந்த இளைஞர். அவர் கையிலிருந்த மட்டை பிறருடைய மட்டைகளைப் போன்றதன்று. அக்காலத்தில் மரப்பலகையின்மீது சிறு புள்ளிகள் எழும்பிய ரப்பரை ஒட்டிப் பயன்படுத்துவதே வழக்கம். பந்து பட்டவுடன் டக் என்னும் ஓசை எழும். அவ்வோசையைக் கேட்டே பந்து எவ்வளவு விசையோடு வருகிறது என்பதை எதிர்நிற்பவர் கணிப்பார். சாட்டோவின் மட்டையிலோ தடித்த நுரைப்பஞ்சு ஒட்டப்பட்டிருந்தது. பந்து அதில் ஒரு நொடியின் சிறு கூறளவு அழுந்தி, ஓசையின்றி, எதிர்பாராத விசையோடு வெளிப்பட்டது. கண்ணைக்காட்டிலும் காதை நம்பிப் பழகிய ஐரோப்பிய வீரர்கள் திகைத்தனர். இறுதியாட்டத்தில் அங்கேரியின் யோசெஃப் கோசியானை வென்று சாட்டோ உலக வாகையரானார். ஏழு பட்டங்களுள் நான்கு ஜப்பானுக்குச் சென்றன.

அந்த அணியில் ஓகிமுரா இல்லை. அவருக்கு அப்போது வயது 19. டோக்கியோவின் புறநகரில் ஒரு சிறிய ஆட்டக்கூடத்தில் அவர் பயிற்சி செய்துகொண்டிருந்தார். எனினும் அவருடைய வரலாற்றைப் பம்பாயிலிருந்து தொடங்குவதே பொருத்தம். தோற்றுப்போன நாட்டின் இளைஞன் ஒருவன் உலகத்தின் முன் நிமிர்ந்து நிற்க இவ்விளையாட்டு ஒரு வழியாகும் என்பதை அந்நிகழ்ச்சியே காட்டிற்று.

கிச்சிஜோஜி ஆட்டக்கூடம்

இச்சிரோ ஓகிமுரா 1932ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 25ஆம் நாள், ஷிஸுவோகா மாநிலத்தின் கடற்கரை ஊராகிய இட்டோவில் பிறந்தார். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அவருடைய இரண்டாம் வயதிலேயே தந்தை இறந்தார். தாய் தனியொருவராக வேலை செய்து மகனை வளர்த்தார். பின்னர் இருவரும் டோக்கியோப் பகுதியில் குடியேறினர். போர் முடிந்தபோது அச்சிறுவனுக்கு 13 வயது. நகரம் கரிக்கட்டையாகக் கிடந்தது. அரிசியும் பங்கீட்டில், அடுப்பெரிக்கும் கரியும் பங்கீட்டில் என்னும் நிலையில் அந்தத் தலைமுறை வளர்ந்தது.

ஓகிமுரா மேசைப்பந்தாட்ட மட்டையைக் கையிலெடுத்தபோது அவருக்கு வயது 16. உலக வாகையராக வளர்ந்த ஒருவருக்கு இது மிகவும் பிந்திய தொடக்கம். இக்காலத்தில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளே பயிற்சிக்கூடங்களில் சேர்க்கப்படுவதை எண்ணிப்பார்த்தால் இதன் அருமை புலப்படும். உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் தாமே கூடி அமைத்த குழுவொன்றில் அவர் ஆடத் தொடங்கினார். இவ்விளையாட்டுக்குப் பெரிய மைதானம் தேவையில்லை; விலையுயர்ந்த கருவிகளும் தேவையில்லை. 9 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட ஒரு மேசை, நடுவே ஆறு அங்குல உயரத்தில் ஒரு வலை, அக்காலத்தில் இரண்டரைக் கிராம் எடையிருந்த ஒரு பந்து. வறுமைப்பட்ட ஒரு நாட்டில் அவ்விளையாட்டு வேரூன்றியதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணம்.

கிச்சிஜோஜி என்னும் பகுதியில் பெண்மணி ஒருவர் நடத்திவந்த சிறிய ஆட்டக்கூடம் அவருக்கு இரண்டாம் வீடாயிற்று. கட்டணம் செலுத்தி ஆடவருவோர் போனபின், இரவு வெகுநேரம்வரை அங்கே அவர் பயிற்சியைத் தொடர்வார். கூடத்தை நடத்திய அப்பெண்மணி அவரைத் தம் பிள்ளைபோல் பேணினார். எதிரே நின்று ஆட ஆளில்லாத வேளைகளில் தொடக்க அடியை மட்டும் மீண்டும் மீண்டும் அடித்துப் பழகுவார். குந்திய நிலையில் முயல்போல் தாவித்தாவிச் செல்வதும், நெடுந்தொலைவு ஓடுவதும் அவருடைய அன்றாடக் கடமைகள். மேசைப்பந்தாட்டம் கையால் ஆடப்படுவது என்பது பலருடைய எண்ணம். அது காலால் ஆடப்படுவது என்பதை ஓகிமுரா தம் உடலைக்கொண்டே மெய்ப்பித்தார். பேனாவைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடிக்கும் ஆசிய முறையில் ஆடுபவர், இடப்பக்கம் வரும் பந்தையும் வலக்கை வீச்சால் அடிக்க வேண்டுமாயின், மேசையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு இமைப்பொழுதில் நகர வேண்டும். அந்த நகர்வுக்காகவே அத்தனைத் தாவல்களும்.

பல்கலைக்கழகத்தில் அவர் தேர்ந்தெடுத்த படிப்பு திரைப்படக் கலை. விளையாட்டு வீரருக்கு இது விந்தையான தேர்வாகத் தோன்றலாம். ஆயினும் ஓர் அசைவைப் பல படங்களாகப் பகுத்து நோக்கும் கண் அவருக்கு இயல்பாகவே இருந்தது. தம் ஆட்டத்தைக் குறித்தும் பிறர் ஆட்டத்தைக் குறித்தும் ஓயாது ஆராய்ந்துகொண்டே இருந்தார்.

ஐம்பத்தொன்று

அவ்வாராய்ச்சியில் பிறந்ததே அவருடைய புகழ்பெற்ற ஐம்பத்தொரு விழுக்காட்டுக் கொள்கை. அந்நாளில் வீரர்கள் பெரும்பாலும் தற்காத்து ஆடினர். எதிராளி தவறு செய்யும்வரை பந்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பர். தப்பாமல் வெல்லலாம் என்னும் உறுதி பிறந்தால்தான் ஓங்கி அடிப்பர். ஒரே புள்ளிக்காக நெடுநேரம் பந்து இங்குமங்கும் சென்றுகொண்டிருப்பது அக்காலத்தில் புதுமையன்று.

ஓகிமுரா இதனைத் தலைகீழாக்கினார். வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 51 என்று தோன்றினாலே தயங்காது அடித்துவிட வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. மேலோட்டமாகப் பார்த்தால் இது சூதாட்டம்போல் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வாறன்று. நூறு முறை அடித்து 51 முறை வென்றால், 21 புள்ளிகள் கொண்ட ஆட்டத்தில் மெல்ல மெல்ல முன்னிலை கிடைக்கும். அதற்கும் மேலாக, எதிர்நிற்பவர் நின்று நிதானிக்க நேரமே இராது. இக்கொள்கையின் கடினமான பகுதி வேறிடத்தில் இருந்தது. 49 முறை தவறும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு தவற்றுக்குப் பின்னும் அதே துணிவோடு அடிக்கும் மனத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். அம்மனத்தைப் பயிற்சியால்தான் பெற முடியும் என்று அவர் நம்பினார்.

1953இல் அவர் தேசிய வாகையரானார். அடுத்த ஆண்டு லண்டனில் உலகப் போட்டி. ஆனால் அங்குச் செல்வதற்குப் பணமில்லை. அந்நியச் செலாவணிக்கு அலைந்த அந்நாட்டில், வீரர்கள் தம் பயணச் செலவில் பெரும்பகுதியைத் தாமே திரட்ட வேண்டியிருந்தது. கிச்சிஜோஜிக் கூடத்து நண்பர்கள் தொடர்வண்டி நிலையங்களின் வாயிலில் நின்று, வருவோர் போவோரிடம் காசு திரட்டினர். ஓகிமுராவின் பெயரையே கேட்டிராத பலர் ஈந்த சிறு காசுகளால் அவர் விமானம் ஏறினார். பின்னாளில் அவர் எவ்விதப் பயனும் கருதாமல் பிறருக்குக் கற்பித்ததை நோக்கும்போது, இக்கடன் அவர் நெஞ்சில் நின்றிருக்க வேண்டும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

வெம்ப்லி அரங்கு

1954 ஏப்ரலில் வெம்ப்லி அரங்கில் கூடியிருந்த பார்வையாளர்கள் ஜப்பானிய அணியை அன்போடு நோக்கவில்லை. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. பர்மா இருப்புப்பாதைப் பணியில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு மாண்டவர்களுக்கும், எலும்புக்கூடாகத் திரும்பியவர்களுக்கும் உறவினர் பலர் அந்நாட்டில் இருந்தனர். ஜப்பானியர் புள்ளி பெற்றபோது அரங்கு அமைதி காத்தது. தவறியபோது ஆரவாரம் எழுந்தது. போர் முடிந்தபோது பள்ளிச் சிறுவராக இருந்த ஓகிமுரா, தாம் செய்யாத குற்றத்தின் சுமையைத் தோளில் ஏந்தி ஆட வேண்டியிருந்தது. அப்பார்வையாளரைக் குறைகூறுவதற்கும் இடமில்லை. அவர்கள் இழந்தவை உண்மையான இழப்புகள்.

அத்தகைய அரங்கில் அவர் தம் வேகத்தையே பேச்சாக்கினார். ஒற்றையர் இறுதியாட்டத்தில் சுவீடனின் டாகே ஃபிளிஸ்பெர்க்கை வென்று, 21ஆம் வயதில் உலக வாகையரானார். ஆடவர் அணிக்குரிய சுவேத்லிங் கோப்பையும் முதன்முறையாக ஜப்பானுக்குக் கிடைத்தது. மகளிர் அணியும் வென்றது. அணிக்கோப்பையை ஜப்பானிய ஆடவர் 1954 முதல் 1959 வரை நடந்த ஐந்து போட்டிகளிலும் தொடர்ந்து வென்றனர். அந்த ஐந்து அணிகளிலும் ஓகிமுரா இடம்பெற்றிருந்தார்.

1956இல் உலகப் போட்டி டோக்கியோவிலேயே நடந்தது. தம் நாட்டினரான டோஷியாகி தனாகாவை இறுதியாட்டத்தில் வென்று இரண்டாம் முறையாக ஒற்றையர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் அதே தனாகாவிடம் இறுதியாட்டத்தில் தோற்றார். இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் வென்ற பட்டங்களையும் சேர்த்தால், 1961ஆம் ஆண்டுக்குள் அவர் பெற்ற உலகப் பட்டங்கள் மொத்தம் 12. இவ்வெண்ணிக்கையோடு பல வீரர்களின் வரலாறு முடிவுறும்.

எதிரணிக்குக் கற்பித்தவர்

ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஓகிமுரா பயிற்றுநராகவும் மாறினார். சுவீடன் நாட்டின் அழைப்பை ஏற்று அங்குச் சென்று இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். மேசைப்பந்தாட்டப் பயிற்சி என்றால் மேசைக்கருகில் நிற்பது என்று எண்ணியிருந்த அவ்விளைஞர்களை அவர் ஓட வைத்தார். குந்தித் தாவ வைத்தார். பலர் சலித்துப் பின்வாங்கினர். ஹான்ஸ் அல்சேர் என்னும் இளைஞர் மட்டும் விடாது பற்றிக்கொண்டார். 1962இல் அவர் ஐரோப்பிய வாகையரானார். அவரைப் பின்பற்றி எழுந்த இளைய தலைமுறையில் ஒருவர் ஸ்டெல்லான் பெங்ட்சன். இவர் ஜப்பானுக்கே வந்து ஓகிமுராவிடம் பயின்றவர். 1971இல் ஜப்பானின் நகோயா நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில், முந்தைய வாகையரான ஜப்பானிய வீரர் ஷிகேயோ இட்டோவை 18 வயதுப் பெங்ட்சன் வீழ்த்தினார். ஜப்பானிய மண்ணில், ஜப்பானியப் பார்வையாளர் முன்னிலையில், ஜப்பானியர் கற்பித்த ஆட்டத்தால் ஜப்பானிய வாகையர் தோற்றார். இரண்டாண்டுகளுக்குப் பின் சுவீடன் ஆடவர் அணி சீனாவை வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது.

சீனாவின் நிகழ்வு இதனினும் பெரிது. ஜப்பானும் சீனாவும் அக்காலத்தில் தூதரக உறவற்ற நாடுகள். போர்க்காலக் கொடுமைகளின் நினைவு சீனத்தில் ஆறாத புண்ணாக இருந்தது. 1959இல் ரொங் குவோதுவான் ஒற்றையர் பட்டம் வென்று, எவ்விளையாட்டிலும் சீனாவின் முதல் உலக வாகையரானார். 1961இல் பீகிங்கில் 15,000 பேர் அமரத்தக்க புதிய அரங்கொன்று எழுப்பப்பட்டு, அங்கே உலகப் போட்டி நடந்தது. ஆடவர் அணி இறுதியாட்டத்தில் சீனா ஜப்பானை 5–3 என்று வென்றது. ஜப்பானின் தொடர்வெற்றி அங்கே அறுந்தது. ஓகிமுரா தம் பன்னிரண்டாம் பட்டத்தைக் கலப்பு இரட்டையரில் கிமியோ மட்சுசாகியுடன் இணைந்து பெற்றதும் அதே அரங்கில்தான்.

அடுத்த ஆண்டே சீனப் பிரதமர் சூ என்லாயின் அழைப்பின்பேரில் ஓகிமுரா மீண்டும் சீனா சென்றார். தம்மை வென்ற நாட்டின் வீரர்களோடு தம் அறிவைப் பகிர்ந்துகொண்டார். நாட்டுப்பற்று என்பதைக் குறுகிய அளவில் கொள்வோர்க்கு இச்செயல் விளங்காது. வலிமையான எதிராளி இல்லையேல் தம் நாட்டு ஆட்டமும் தேங்கிவிடும் என்பது அவர் கருத்து. ஒரு கலையைப் பூட்டிவைத்தால் அது காப்பாற்றப்படுவதில்லை என்று அவர் எண்ணினார். இதற்கு ஜப்பான் கொடுத்த விலை சிறிதன்று. 1969க்குப் பின் ஓகிமுராவின் காலத்தில் அந்நாட்டு ஆடவர் அணி உலகக் கோப்பையை வெல்லவேயில்லை. 1979இல் செய்ஜி ஓனோ பெற்ற ஒற்றையர் பட்டத்திற்குப் பின் அப்பட்டமும் ஜப்பானை அணுகவில்லை. தம் நாட்டின் தாழ்வைத் தம் கண்ணாலேயே காண நேர்ந்தது அவருக்கு. அதற்காக அவர் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

நகோயாவிற்கு வந்த அணி

சீனாவில் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியபோது விளையாட்டுக் களங்கள் வெறிச்சோடின. 1967, 1969 ஆகிய இரு உலகப் போட்டிகளுக்கும் சீன அணி வரவில்லை. உலகப் புகழ்பெற்ற வீரர்கள் மக்கள் பகைவர்கள் என்று இழிவுபடுத்தப்பட்டனர். முதல் வாகையரான ரொங் குவோதுவான் 1968இல் உயிர் துறந்தார்.

1971 நகோயாப் போட்டிக்குச் சீனாவை மீண்டும் அழைத்துவரும் முயற்சியை ஜப்பானிய மேசைப்பந்தாட்டச் சங்கத் தலைவர் கோஜி கோட்டோ மேற்கொண்டார். உள்நாட்டு எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அவரே பீகிங் சென்றார். சூ என்லாயை நேரில் அறிந்தவரான ஓகிமுராவும் அம்முயற்சிக்காக உழைத்தவர்களுள் ஒருவர். சீன அணி வந்தது. அதன்பின் நிகழ்ந்தது உலகறிந்த செய்தி. அமெரிக்க வீரர் கிளென் கோவன் ஒருநாள் சீன அணியின் பேருந்தில் ஏற, பேசலாமா கூடாதா என்று பிறர் தயங்கியிருக்க, மும்முறை உலக வாகையரான சுவாங் செதோங் முன்வந்து கைகுலுக்கி, பட்டுத்துணியில் நெய்த மலைக்காட்சி ஒன்றைப் பரிசளித்தார். சில நாள்களில் அமெரிக்க அணி சீனாவிற்கு அழைக்கப்பட்டது. 1972 பிப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் பீகிங் சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜப்பானும் சீனாவும் தூதரக உறவு கொண்டன.

இப்பெரு நிகழ்வுகளை ஒரு விளையாட்டு உண்டாக்கிற்று என்று கூறுவது மிகை. அரசுகளுக்கு அவற்றுக்குரிய கணக்குகள் இருந்தன. ஆனால் அரசுகள் பேச விரும்பியபோது முதற்சொல்லைச் சொல்ல ஓர் இடம் தேவைப்பட்டது. அவ்விடம் ஒரு மேசையின் இருபுறமாக அமைந்தது. இதனை மிக அருகிலிருந்து கண்டவர் ஓகிமுரா. அவர் பின்னாளில் செய்த பெரும்பணிக்கு இக்காட்சி வித்தாயிற்று எனலாம்.

புதுதில்லியிலிருந்து சீபாவிற்கு

1987இல் உலகப் போட்டி புதுதில்லியில் நடைபெற்றது. அவ்வாண்டில் ஓகிமுரா பன்னாட்டு மேசைப்பந்தாட்டக் கூட்டமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1926இல் தோன்றிய அவ்வமைப்பிற்கு அதுவரை தலைமையேற்ற இருவரும் பிரித்தானியர். ஆசியாவிலிருந்து வந்த முதல் தலைவர் அவரே. மறு ஆண்டு சியோலில் மேசைப்பந்தாட்டம் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அந்த ஒலிம்பிக்கை வடகொரியா புறக்கணித்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1979இல் வடகொரியத் தலைநகர் பியாங்யாங்கில் நடந்த உலக மேசைப்பந்தாட்டப் போட்டியில் தென்கொரிய அணி இடம்பெறவில்லை. அப்போது இரு கொரியாக்களும் ஓரணியாக ஆடுவது குறித்துப் பேச்சு நடந்து முறிந்துபோயிற்று.

முறிந்துபோன அந்தப் பேச்சை ஓகிமுரா மீண்டும் கையிலெடுத்தார். 1991இல் ஜப்பானின் சீபா நகரில் நடக்கவிருந்த உலகப் போட்டியில் இரு கொரியாக்களும் ஒரே அணியாக ஆட வேண்டும் என்பது அவர் விழைவு. கொரியத் தீபகற்பத்தை முப்பத்தைந்து ஆண்டுகள் அடிமைப்படுத்திய நாடு ஜப்பான் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அந்நாட்டினர் ஒருவர் வந்து நல்லிணக்கம் பேசுவதை இருதரப்பும் ஐயத்தோடு நோக்கியிருந்தால் வியப்பில்லை. அவர் தென்கொரியாவிற்கு 20 முறையும் வடகொரியாவிற்கு 15 முறையும் சென்றார். ஒரு புள்ளிக்காக நூறு முறை பந்தைத் திருப்பியனுப்பும் பழைய ஆட்டத்தை அவர் இளமையில் வெறுத்தவர். முதுமையில் அதே பொறுமையைக் கைக்கொண்டார்.

1991 பிப்ரவரியில் இரு அரசுகளும் இசைந்தன. அணியின் பெயர் கொரியா. கொடி, வெண்ணிறத் துணியில் நீலநிறத் தீபகற்பம். நாட்டுப்பண்ணுக்கு மாற்றாக அரிராங் என்னும் நாட்டுப்புறப் பாடல். இரு நாட்டு வீரர்களும் ஜப்பானுக்கு வந்து நகானோ, நகவோகா, சீபா ஆகிய ஊர்களில் கூடிப் பயின்றனர். ஒரே மொழி பேசுவோராயினும், ஆட்டத்தின் அடிகளுக்கு இருவரும் வழங்கிய சொற்கள் வெவ்வேறாக இருந்தன. தெற்கே ஆங்கிலச் சொற்கள் புழங்கின. வடக்கே அவற்றுக்குத் தாய்மொழியில் ஆக்கிய சொற்கள். பந்தடிக்கும் முன்னர் ஒருவர் சொல்லை மற்றவர் கற்க வேண்டியிருந்தது.

மகளிர் அணிப் போட்டியின் இறுதியில் கொரியாவை எதிர்கொண்டது சீனா. 1975 முதல் எட்டு முறை தொடர்ந்து அக்கோப்பையை வென்றிருந்த அணி அது. உலகின் தலைசிறந்த வீராங்கனை டெங் யாப்பிங் அதில் இருந்தார். தெற்கின் ஹியுன் ஜுங்-ஹ்வாவும் வடக்கின் லி பூன்-ஹுயியும் இரட்டையராக இணைந்து நின்றனர். அவ்வாட்டத்தில் அவர்கள் தோற்றனர். ஆனால் முதல் ஆட்டத்தில் வடக்கின் யூ சுன்-போக் டெங் யாப்பிங்கை வீழ்த்தியிருந்தார். இருபுறமும் இரண்டிரண்டு வெற்றிகளோடு நிற்க, ஐந்தாவது ஆட்டத்தையும் அவரே வென்றார். 3–2. வீராங்கனைகள் ஒருவரையொருவர் தழுவி அழுதனர். ஜப்பானில் வாழ்ந்த கொரியர்கள், வடக்கைச் சார்ந்தோரும் தெற்கைச் சார்ந்தோரும், ஒரே கொடியை அசைத்தபடி அரங்கில் நின்றனர். வெற்றி மேடையில் அரிராங் ஒலித்தது.

சில நாள்களில் அணி கலைந்தது. வடக்கினர் வடக்கே சென்றனர். தெற்கினர் தெற்கே சென்றனர். எல்லை முன்போலவே மூடிக்கிடந்தது. அரசியல் செய்ய மறுத்ததை ஒரு மேசை செய்து முடித்துவிடும் என்று ஓகிமுரா நம்பியிருந்தார் என்றால் அது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். செய்ய இயலும் என்பதை ஒருமுறையேனும் காட்டிவிட வேண்டும் என்பதே அவர் எண்ணமாக இருந்திருக்கக்கூடும்.

பின்னர்

ஓகிமுரா 1994ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், நுரையீரல் புற்றுநோயால் டோக்கியோவில் மறைந்தார். வயது 62. அப்போதும் அவர் பன்னாட்டுக் கூட்டமைப்பின் தலைவராகவே இருந்தார். ஜப்பானில் ஆண்டுதோறும் நடந்துவந்த பன்னாட்டுப் போட்டிக்கு அவர் பெயரில் கோப்பை அமைக்கப்பட்டது.

2018ஆம் ஆண்டு மே திங்களில், ஓகிமுரா கற்பித்த சுவீடன் நாட்டின் ஹால்ம்ஸ்டாட் நகரில், உலக அணிப் போட்டி நடைபெற்றது. மகளிர் காலிறுதியில் வடகொரியாவும் தென்கொரியாவும் மோத வேண்டியிருந்தது. வீராங்கனைகள் மேசைக்கு வந்தனர், ஆனால் ஆடவில்லை. இரு அணிகளும் ஒன்றாகிவிட்டன என்று அங்கே அறிவிக்கப்பட்டது. ஒன்றுபட்ட கொரியா மறுநாள் அரையிறுதியில் ஆடியது. எதிரே நின்றது ஜப்பான். ஜப்பான் 3–0 என்று வென்றது.